ஒரே ஆள், இரண்டு முறை: அலபாமாவின் ஒரு மரண தண்டனை கேஸ், முதலிலிருந்து முடிவு வரை

எதற்காக இந்த கேஸ்

அமெரிக்காவில் மரண தண்டனை எப்படி என்று யாராவது கேட்டால் முதலில் எந்த மாநிலத்தில் என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும். சில மாநிலங்களில் அது அறவே கிடையாது, சிலவற்றில் சட்டம் இருக்கிறது, ஆனால் வருஷக்கணக்கில் யாரையும் கொன்றதில்லை, இன்னும் சிலவற்றில் வருஷத்துக்கு நாலைந்து பேர். அலபாமா கடைசி ரகம். அந்த மாநிலத்தின் ஏற்பாடு மொத்தமும், ஜூரியில் தொடங்கி டெத் ரோ (மரண தண்டனைக் கைதிகளை வைக்கும் சிறைப்பகுதி), மேல்முறையீடு, ஊசி, ஆளுநர் கையெழுத்து வரை, ஒரே ஒரு மனிதரின் கதையில் அடுக்கடுக்காகத் தெரிகிறது. அவர் ஒருமுறை கட்டிலில் கட்டப்பட்டு உயிரோடு திரும்பியவர். பதினான்கு மாதம் கழித்து வேறு முறையில், அதுவரை உலகில் யாருக்கும் பயன்படுத்தாத முறையில், கொல்லப்பட்டவர்.

சம்பந்தப்பட்டவர்களின் பெயர் இங்கே தேவையில்லை. அவர் அப்பாவி என்று நிரூபிக்கும் கேஸும் இல்லை இது, குற்றத்தில் அவருக்குப் பங்கு இருந்தது. நான் பார்க்க விரும்பியது வேறு: ஒரு வேலை மூன்று முறை தொடர்ந்து சொதப்பிய பிறகு ஒரு அரசு எதைத் திருத்துகிறது, எதைத் தொடாமல் விடுகிறது.

பின்னணி: 1988

அலபாமாவின் வடமேற்கு மூலையில் கோல்பெர்ட் கவுன்டி. 1988 மார்ச் 18 அன்று அங்கே ஒரு பாதிரியாரின் மனைவி, வயது 45, தன் வீட்டிலேயே அடித்தும் குத்தியும் கொல்லப்பட்டார். கொள்ளைக்காரர்கள் வந்த மாதிரி வீட்டைக் கலைத்துப் போட்டிருந்தார்கள். விசாரித்தால் கணவனே ஏற்பாடு செய்த கொலை. அவருக்குக் கடன் இருந்தது, வேறு பெண்ணோடு தொடர்பு இருந்தது, மனைவி பேரில் இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தார். ஒரு ஆளைப் பிடித்தார், அந்த ஆள் இன்னும் இரண்டு பேரைப் பிடித்தார், தலைக்கு 1,000 டாலர் பேச்சு. போலீஸின் சந்தேகம் தன் பக்கம் திரும்புகிறது என்று தெரிந்ததும், கொலை நடந்து ஒரு வாரத்தில் கணவர் தற்கொலை செய்துகொண்டார்.

நம் கேஸில் வருபவர் கடைசியாகச் சேர்ந்த இரண்டு பேரில் ஒருவர். அப்போது வயது 22. கொலை வீட்டிலிருந்து எடுத்துப்போன விசிஆர் இவர் வீட்டில் கிடைத்தது. அங்கே இருந்தேன், ஆனால் கொல்வதற்கென்று போகவில்லை என்பது இவர் தரப்பு.

மூன்று பேரின் முடிவும் மூன்று விதம். இடையில் நின்று ஆள் பிடித்துக் கொடுத்தவருக்கு பரோல் இல்லாத ஆயுள் தண்டனை, 2020இல் சிறையிலேயே இறந்தார். கூடப் போனவருக்கு 2010இல் விஷ ஊசி. இவருடையது இழுத்துக்கொண்டே போனது.

11க்கு 1

1989இல் கிடைத்த முதல் தீர்ப்பு மேல்முறையீட்டில் ரத்தாகி, 1996இல் மறுபடி விசாரணை நடந்தது. இந்த முறையும் குற்றவாளி என்றே ஜூரி, அதாவது தீர்ப்பு சொல்ல உட்காரும் 12 பொதுமக்கள், சொன்னது. தண்டனை என்ன என்று வந்தபோது 12 பேரில் 11 பேர் பரோல் இல்லாத ஆயுள் போதும் என்றார்கள். ஒரே ஒருவர்தான் மரணம் கேட்டார்.

நீதிபதி மரண தண்டனை எழுதினார்.

எப்படி முடிந்தது என்றால், அன்றைய அலபாமா சட்டத்தில் ஜூரி சொல்வது வெறும் பரிந்துரைதான், நீதிபதி அதைத் தள்ளிவிட்டு எதிராகவும் எழுதலாம். அங்கே நீதிபதிகள் கட்சிச் சின்னத்தோடு தேர்தலில் நின்று ஜெயித்து வருகிறவர்கள் என்பதையும் சேர்த்துப் படித்தால் இந்த அதிகாரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று ஊகிக்கலாம். 1976க்குப் பிறகு நூறு தடவைக்கு மேல் இப்படி ஜூரி சொன்னதை மாற்றி எழுதியிருக்கிறார்கள், அதில் பெரும்பாலானவை ஆயுளை மரணமாக்கியவை. 2017 ஏப்ரலில் மாநிலமே இந்த அதிகாரத்தை எடுத்துவிட்டது. இந்தப் பழக்கத்தைக் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்த மாநிலம் அதுதான். ஆனால் சட்டத்தில் ஒரு கொக்கி: இனிமேல் வரும் கேஸ்களுக்கு மட்டும். ஏற்கெனவே அப்படித் தண்டனை பெற்றவர்கள் அப்படியே இருக்க வேண்டியதுதான். இவரும் அப்படியே இருந்தார்.

இன்றைக்கும் அலபாமாவில் மரண தண்டனைக்கு ஜூரி ஒருமனதாக இருக்க வேண்டியதில்லை, 12இல் 10 பேர் போதும். அந்தக் கணக்கில் பார்த்தால்கூட இவருக்கு ஒன்பது ஓட்டு குறைகிறது.

ஹோல்மன்

அலபாமாவின் ஆண் மரண தண்டனைக் கைதிகளில் பெரும்பாலோர் இருப்பது ஹோல்மன் சிறையில். ஃப்ளோரிடா எல்லைக்குப் பக்கத்தில், அட்மோர் ஊருக்கு வெளியே, 1969இல் திறந்த கட்டடம். பழசாகிப் பழசாகி நிலத்தடிக் குழாய், வயரிங் எல்லாம் கைவிட்ட நிலைக்கு வந்து, 2020 ஜனவரியில் சிறையின் முக்கியப் பகுதியைக் காலி செய்தார்கள். டெத் ரோவை மட்டும் காலி செய்யவில்லை. தண்டனை நிறைவேற்றும் அறை அங்கேதானே இருக்கிறது.

அறை ஒன்று ஏறக்குறைய 5 அடிக்கு 8 அடி. ஒரு கட்டிலைப் போட்டால் மீதி நடைவழிதான். ஒரே கட்டடத்தில் இருப்பதால் யாருக்குத் தேதி வந்தது, யாரைக் கடைசி அறைக்கு மாற்றினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், பல வருஷம் பக்கத்து அறையில் இருந்தவர் ஒரு நாள் போவார், திரும்ப மாட்டார். மரண தண்டனைக்கு எதிராக 1989இல் கைதிகளே ஆரம்பித்து அவர்களே நடத்துகிற ஒரு அமைப்பும் இந்த டெத் ரோவிலிருந்து வந்ததுதான்.

2002 வரை இங்கே மின்சார நாற்காலி. 1927இல் ஒரு கைதியே செய்து கொடுத்தது, ரோட்டில் கோடு போடும் மஞ்சள் பெயிண்ட்டை அடித்ததால் 'மஞ்சள் அம்மா' என்ற அர்த்தத்தில் அதற்கு ஒரு பட்டப்பெயர். 2002 ஜூலையிலிருந்து விஷ ஊசி வந்தது. கேட்டால் ஆஸ்பத்திரி சமாச்சாரம் போல இருக்கிறது, கையில் ட்ரிப்ஸ் ஊசி, மூன்று மருந்து: முதலில் மயக்கத்துக்கு மிடாசோலாம், பிறகு தசைகளை அசையவிடாமல் செய்வது, கடைசியில் இதயத்தை நிறுத்தும் பொட்டாசியம் குளோரைடு. காகிதத்தில் சுத்தமாக இருக்கும் இந்த வரிசை, ஊசி ஏற்ற நரம்பு கிடைத்தால்தான் தொடங்கவே முடியும். நம் ஊர் ஆஸ்பத்திரியில் வயதானவருக்கு நரம்பு கிடைக்காமல் நர்ஸ் மாற்றி நர்ஸ் வந்து இரண்டு கையிலும் குத்திப் பார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வித்தியாசம், அங்கே குத்துகிறவர்கள் யார், என்ன தகுதி என்பது ரகசியம்.

முன்கூட்டியே தெரிந்த அறிகுறிகள்

2018 பிப்ரவரியிலேயே ஒரு எச்சரிக்கை வந்தது. புற்றுநோயால் நரம்புகள் கெட்டுப்போன ஒரு கைதி. நரம்பு கிடைக்காது என்று வக்கீல் மாதக்கணக்கில் சொல்லியும் கேட்காமல் படுக்க வைத்து, இரண்டரை மணி நேரம் கால், இடுப்பு என்று குத்திப் பார்த்துவிட்டு நிறுத்தினார்கள். அவரோடு அரசு சமாதானமாகப் போய், மறுபடி முயற்சி செய்வதில்லை என்று முடித்துக்கொண்டது. 2021இல் அவர் அந்த நோயிலேயே இறந்தார்.

அடுத்து 2022 ஜூலை 28. அன்றைய கைதிக்கு விஷயம் முடிய மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது, சாட்சிகள் பார்க்கும் ஜன்னலின் திரையை விலக்கியபோது அவர் ஏற்கெனவே அசைவில்லாமல் இருந்தார். கொல்லப்பட்ட பெண்ணின் மகள்களே அவரைக் கொல்ல வேண்டாம் என்று ஆளுநரிடம் கேட்டிருந்தார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். செப்டம்பர் 22 அன்று இன்னொருவர், ஒன்றரை மணி நேரம் குத்தியும் நரம்பு கிடைக்காமல், நள்ளிரவு நெருங்கியதும் நிறுத்தினார்கள்.

இரண்டு மாதத்தில் இரண்டு. எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும் மூன்றாவது ஆளைப் படுக்க வைப்பதற்கு முன் நின்று யோசித்திருக்கும். இங்கே அடுத்த தேதி ஏற்கெனவே குறித்தாகிவிட்டது.

2022 நவம்பர் 17, இரவு

அந்த நாளில் என்ன நடந்தது என்பதற்கு இரண்டு ஆதாரம்தான்: நீதிமன்ற உத்தரவுகளின் நேரம், கைதி பிறகு தாக்கல் செய்த மனு. அறைக்குள் அந்த நேரத்தில் பத்திரிகையாளர், வக்கீல் யாரும் இல்லை, திரைக்கு இந்தப் பக்கம் எதுவும் தெரியாது.

இரவு எட்டு மணியை ஒட்டி இரண்டு காரியங்கள் நடந்தன. 11ஆவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. கைதியை அறைக்குக் கொண்டுபோய்க் கட்டிலில் கட்டியதும் அதே நேரம்தான். தடை வந்துவிட்டது என்று யாரும் தன்னிடம் சொல்லவில்லை, அப்படியே கட்டிப் போட்டு வைத்திருந்தார்கள் என்கிறது அவர் மனு. 10:20 வாக்கில் வாஷிங்டனில் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது. தண்டனையை நிறைவேற்றச் சொல்லும் வாரண்ட் செல்லுபடியாகும் நாள் நள்ளிரவோடு முடிகிறது, கையில் இருப்பது இரண்டு மணி நேரம்கூட இல்லை.

இரண்டு கை, மணிக்கட்டு என்று குத்தினார்கள். பிறகு கட்டிலைத் தலைகீழாகச் சாய்த்து, அதே நிலையில் கொஞ்ச நேரம் விட்டு, கழுத்தெலும்புக்குக் கீழே பெரிய ஊசியால் தேடினார்கள். பொறுக்க முடியாத வலி, என்னவென்றே தெரியாத ஏதோ ஒன்றை ஊசியாகப் போட்டார்கள் என்றும் மனுவில் இருக்கிறது. 11:20 வாக்கில் நிறுத்தினார்கள். அவிழ்த்து விட்டபோது அவர் கட்டிலில் கட்டுண்டு ஏறக்குறைய நாலு மணி நேரம் ஆகியிருந்தது.

இங்கே எடுத்த முடிவைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். தடை இருந்தபோதே அவரைக் கட்டி வைத்திருந்ததற்குக் காரணம் கடிகாரம்தான்: தடை நீங்கினால் ஒரு நிமிஷமும் வீணாகக் கூடாது. கடைசியில் நிறுத்தியதற்கும் அதே கடிகாரம்தான் காரணம், அவர் வலி அல்ல. அந்த நாலு மாதத்தில் ஹோல்மனில் நடந்ததை எல்லாம் வரிசையாகப் படித்தால், அறைக்குள் டாக்டரை விட நள்ளிரவுக்குத்தான் அதிகாரம் இருந்திருக்கிறது என்று தோன்றுகிறது.

ஆய்வு என்ற பெயரில்

நவம்பர் 21 அன்று ஆளுநர் எல்லா மரண தண்டனைகளையும் நிறுத்திவைத்து, மேலிருந்து கீழ் வரை ஆய்வு செய்யச் சொன்னார். சரியான முடிவுதான். ஆனால் ஆய்வு செய்யச் சொன்னது யாரை என்றால் சிறைத்துறையையே. சொதப்பிய துறை தன்னைத்தானே ஆராய்ந்தது. வெளியாள் வைத்துச் செய்யுங்கள் என்று மதத் தலைவர்கள் கேட்டார்கள், நடக்கவில்லை. போதாததற்கு, தவறு சிறைத்துறையுடையது என்று தான் நினைக்கவில்லை, கைதிகளின் வக்கீல்கள் கடைசி நேரம் வரை மனு போட்டு இழுத்தடிப்பதுதான் காரணம் என்ற தொனியில் ஆளுநர் அறிக்கையே விட்டார். ஆய்வு தொடங்குமுன் முடிவைச் சொல்லிவிட்ட மாதிரி.

பக்கத்து மாநிலம் டென்னஸியில் அதே 2022இல் ஊசி மருந்துப் பரிசோதனையில் குறை தெரிந்தபோது அந்த ஆளுநர் வெளியிலிருந்து ஒரு முன்னாள் அரசு வக்கீலை நியமித்து, அறிக்கையை வெளியிட்டார். அலபாமாவில் மூன்று மாதத்தில் வந்தது சிறைத்துறை ஆணையரின் சுருக்கமான ஒரு கடிதம். ஒத்திகை பார்த்தோம், கருவி வாங்க ஆர்டர் போட்டிருக்கிறோம், மருத்துவ ஆட்கள் எண்ணிக்கையைக் கூட்டுகிறோம், தயார். நவம்பர் 17 அன்று அறைக்குள் யார் என்ன செய்தார், ஏன் நரம்பு கிடைக்கவில்லை, ஏன் கழுத்து வரை போனார்கள் என்பதற்கு அதில் பதில் இல்லை.

உண்மையான மாற்றம் வேறு இடத்தில் வந்தது. 2023 ஜனவரியில் அலபாமா உச்ச நீதிமன்றம் விதியைத் திருத்தியது. முன்பு தேதியை நீதிமன்றம் குறிக்கும், அந்த ஒரு நாள்தான், நள்ளிரவு தாண்டினால் வாரண்ட் செல்லாது. இனி நீதிமன்றம் அனுமதி மட்டும் கொடுக்கும், எத்தனை மணி நேரம் என்ற கால அளவை ஆளுநரே வைத்துக்கொள்ளலாம். அதாவது குத்துவதற்கு இன்னும் நேரம். ஊசியைத் திருத்தவில்லை, கடிகாரத்தைத் திருத்தினார்கள். கூடவே, மரண தண்டனை கேஸ்களில் வக்கீல் கேட்காவிட்டாலும் வெளிப்படையான பிழைகளை மேல்முறையீட்டு நீதிமன்றம் தானாகவே பார்க்க வேண்டும் என்றிருந்த கட்டாயத்தையும் எடுத்து, விருப்பப்பட்டால் பார்க்கலாம் என்று ஆக்கினார்கள். 2023 ஜூலையில் விஷ ஊசி மறுபடி தொடங்கியது.

கேட்டது கிடைத்தது

இந்த கேஸில் சட்டம் படிக்கிறவர்கள் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2015இலும் 2019இலும் சொன்னதன்படி, தண்டனை நிறைவேற்றும் முறை கொடூரமானது என்று வழக்கு போடும் கைதி, அதை விட வலி குறைந்த, மாநிலத்தால் உடனே செய்ய முடிந்த மாற்று வழி ஒன்றைத் தானே காட்ட வேண்டும். என்னை எப்படிக் கொல்லலாம் என்று கொல்லப்படுகிறவரே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று இதைச் சொன்னால் மிகையில்லை. அலபாமா 2018இல் நைட்ரஜன் வாயுவை ஒரு முறையாகச் சட்டத்தில் சேர்த்திருந்தது, ஆனால் எப்படிச் செய்வது என்ற நடைமுறை இல்லை, யாருக்கும் பயன்படுத்தவில்லை. அதனால் ஊசிக்கு எதிராக வழக்கு போட்டவர்கள் எல்லாம் மாற்று என்று நைட்ரஜனைக் காட்டினார்கள். இவர் வக்கீல்களும் அதையே செய்தார்கள்.

அப்போது மாநிலம் என்ன சொன்னது? நைட்ரஜன் இன்னும் தயாராக இல்லை, அதை மாற்று வழியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. மாநிலம் உச்ச நீதிமன்றம் வரை போனது, 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் கேஸை எடுக்க மறுத்தது. இவர் ஜெயித்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆகஸ்டில் அதே மாநிலம், பக்கம் பக்கமாகக் கறுப்பு மை அடித்து மறைத்த ஒரு நைட்ரஜன் நடைமுறையை வெளியிட்டு, முதல் ஆளாக இவரைத்தான் கேட்டது. தயாராக இல்லை என்று சாதித்தது மூன்று மாதத்தில் தயாராகிவிட்டது. நீ கேட்டதைத்தானே தருகிறோம் என்ற வாதத்துக்கு இவர் வக்கீல்களிடம் எளிய பதில் இல்லை. நைட்ரஜன் கூடாது என்று சொல்லவில்லை, இந்த முகமூடி, இந்த நடைமுறை கூடாது என்று நுணுக்கமாக வாதாட வேண்டியிருந்தது. நவம்பர் 1 அன்று அலபாமா உச்ச நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. ஆளுநர் வைத்த கால அளவு 2024 ஜனவரி 25 தொடங்கும் நள்ளிரவிலிருந்து மறுநாள் காலை ஆறு மணி வரை, 30 மணி நேரம்.

முகமூடி

நாம் மூச்சு விடும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான், அதில் விஷம் எதுவும் இல்லை. ஆக்ஸிஜன் இல்லாமல் அதை மட்டும் இழுத்தால் உடம்பு செத்துப்போகும், தொழிற்சாலைகளில் இப்படி விபத்து நடப்பதுண்டு. அலபாமா எடுத்துக்கொண்டது தொழிலாளர்கள் போடும் முழு முக மாஸ்க். அதை மாட்டி, குழாய் வழியாக நைட்ரஜனை விட வேண்டும், குறைந்தது 15 நிமிஷம், அல்லது இதயத்துடிப்புக் கோடு நேராகிப் போன பிறகு ஐந்து நிமிஷம், எது அதிகமோ அது.

கைதித் தரப்பின் கவலைகள் நடைமுறை சார்ந்தவை. மாஸ்க் சரியாக ஒட்டாமல் வெளிக்காற்று கசிந்தால் சாகாமல் மூளை மட்டும் கெட்டுப் போகலாம். நவம்பர் 17க்குப் பிறகு அவருக்கு அடிக்கடி குமட்டலும் வாந்தியும் இருந்தது, மாஸ்க்குக்குள் வாந்தி எடுத்தால் அதிலேயே மூச்சடைக்கும். இதற்கு மாநிலத்தின் ஏற்பாடு: அன்றைக்குக் காலை பத்து மணிக்கு மேல் சாப்பாடு இல்லை. கால்நடை மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கம் 2020இல் எழுதிய கருணைக்கொலை வழிகாட்டியில் பெரும்பாலான பாலூட்டிகளுக்கு நைட்ரஜன் வேண்டாம், தவிப்பு வரும் என்றிருப்பதும் வாதத்தில் வந்தது. ஐ.நா. நிபுணர்கள் சித்திரவதை ஆகலாம் என்றார்கள். சில நொடிகளில் நினைவு போய்விடும் என்றது மாநிலம்.

மாவட்ட நீதிமன்றம் தடை மறுத்தது, மேல்முறையீட்டில் 2க்கு 1 என்று மறுத்தார்கள், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் எதிர்த்து எழுதியும் பெரும்பான்மை மறுத்தது. முதல் முயற்சியில் கொல்ல முடியாமல் போனவரை இதுவரை யாரும் செய்யாத முறைக்குச் சோதனை எலியாக்குகிறார்கள் என்ற கருத்தை அந்த மூவரில் ஒருவர் எழுதினார். ஒருமுறை தப்பியவரை மறுபடி கொல்லலாமா என்ற கேள்விக்கு 1947இலேயே, லூயிசியானாவில் மின்சார நாற்காலி வேலை செய்யாமல் பிழைத்த ஒரு பையனின் கேஸில், 5க்கு 4 என்று கொல்லலாம் என்றே பதில் வந்திருக்கிறது. அந்தத் தீர்ப்பு இன்றும் நிற்கிறது.

2024 ஜனவரி 25

காலையில் அவருக்குக் கடைசிச் சாப்பாடு: ஸ்டேக், முட்டை, டோஸ்ட், உருளைக்கிழங்கு, ரோட்டோரச் சங்கிலி ஹோட்டல் ஒன்றிலிருந்து வாங்கியது. அறைக்குள் உடன் நின்ற மத ஆலோசகர், வாயு கசியலாம் என்பதால் மூன்று அடி தள்ளி நிற்பதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.

இரவு 7:53க்குத் திரை விலகியது. மாஸ்க் ஏற்கெனவே மாட்டியிருந்தது, மாஸ்க்குக்குள்ளிருந்தே கடைசியாகப் பேசினார், இன்றிரவு அலபாமா மனித குலத்தை ஒரு படி பின்னுக்குத் தள்ளுகிறது என்ற பொருளில். குடும்பத்தார் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்து விரல்களால் அன்பைச் சொல்லும் சைகை காட்டினார். 7:58 வாக்கில் வாயு. சில நொடியில் நினைவு போகவில்லை என்பதை ஜன்னலுக்கு வெளியே இருந்த ஐந்து பத்திரிகையாளர்களும் எழுதினார்கள்: குறைந்தது இரண்டு நிமிஷம் உடல் உதறித் துடித்தது, கட்டில் ஆடியது, அதன் பிறகு பல நிமிஷம் பெரிதாக மூச்சு வாங்கியது. 8:15க்குத் திரை மூடியது, 8:25க்கு இறந்ததாக அறிவித்தார்கள். வயது 58.

முடிந்த வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, எதிர்பாராதது எதுவும் நடக்கவில்லை என்றார் சிறைத்துறை ஆணையர். பாடப்புத்தகத்தில் இருப்பது போல நடந்தது, மற்ற மாநிலங்கள் கேட்டால் உதவத் தயார் என்றார் மாநில அட்டர்னி ஜெனரல். சாகப் போகிறவர் மூச்சைப் பிடிப்பார் என்பதை நடைமுறை எழுதியவர்கள் யோசிக்கவில்லையா என்பது எனக்கு இன்றும் புரியவில்லை.

1988இல் கொல்லப்பட்ட பெண்ணின் மகன்களும் அதே இரவில் வந்திருந்தார்கள். இன்று நடந்தது எதுவும் அம்மாவைத் திரும்பக் கொண்டுவராது, கொண்டாட ஒன்றுமில்லை, இந்த நாள் முடிந்ததில் நிம்மதி, சம்பந்தப்பட்ட மூவரையும் எப்போதோ மன்னித்துவிட்டோம் என்றார் ஒரு மகன். இந்த 36 வருஷத்தில் ஒவ்வொரு தேதிக்கும் கிளம்பி வந்து காத்திருந்தவர்கள் அவர்களும்தான். 2022 நவம்பரிலும் வந்து, ஒன்றும் நடக்காமல் திரும்பிப் போனார்கள்.

அதற்குப் பின்

செப்டம்பர் 2022இல் நிறுத்தப்பட்ட அந்த இன்னொருவரை 2024 செப்டம்பரில் நைட்ரஜனால் கொன்றார்கள், ஊசியால் மறுபடி முயல மாட்டோம் என்று அவரோடு செய்த ஒப்பந்தத்தில் நைட்ரஜன் மட்டும் விலக்கு. 2025 மார்ச்சில் லூயிசியானாவும் இந்த முறைக்கு வந்தது. 2025 அக்டோபருக்குள் அலபாமாவில் மட்டும் ஏழு பேர். உடல் உதறுவது, நீண்ட மூச்சு எல்லாம் திரும்பத் திரும்பச் செய்தியில் வந்தது, மாநிலத்தின் பதிலும் மாறவில்லை.

மாற்றியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுபவை

ஜூலை 2022க்குப் பிறகே நிறுத்தியிருந்தால் செப்டம்பரும் நவம்பரும் நடந்திருக்காது. ஆய்வை வெளியாளிடம் கொடுத்திருக்கலாம், பக்கத்து மாநிலம் செய்து காட்டியது அது. நரம்பு தேடுவதற்கு இத்தனை முயற்சி, இத்தனை நேரம் என்று ஒரு உச்ச வரம்பு வைப்பது எந்த ஆஸ்பத்திரியிலும் சாதாரணம், ஹோல்மனில் வாரண்ட்டைத் தவிர வேறு வரம்பு இல்லை, அந்த ஒன்றையும் நீட்டிவிட்டார்கள். இடைக்காலத் தடை இருக்கும்போது கைதி கட்டிலில் இருக்கக் கூடாது என்பதற்கு விதி எழுத ஒரு வரி போதும். ஊசி ஏற்றும்போதும் திரை திறந்திருந்தால், இரண்டு ஆதாரத்தை வைத்துக்கொண்டு இப்படி ஊகிக்க வேண்டியிருந்திருக்காது. மாற்று வழியைக் கைதி காட்ட வேண்டும் என்ற விதியை அலபாமா தனியாக மாற்ற முடியாது, அது வாஷிங்டன் கையில்.

இதெல்லாம் எப்படிக் கொல்வது என்பதைப் பற்றியது. இந்த கேஸில் கொல்வதா என்ற கேள்விக்கு 1996இலேயே 12 பேர் உட்கார்ந்து பதில் சொல்லியிருந்தார்கள். 2017 சட்டத்தைப் பழைய கேஸ்களுக்கும் பொருந்தும்படி ஆக்கியிருந்தால் மேலே எழுதிய எதுவும் தேவைப்பட்டிருக்காது. அப்படி ஒரு மசோதா 2024இல் வந்தது, கமிட்டியிலேயே தோற்றது.

2025 பிப்ரவரியில் அதே ஆளுநர் வேறொரு கைதியின் மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்தார், 1999க்குப் பிறகு அலபாமாவில் அதுதான் முதல் தடவை. குற்றத்தில் அவருக்குப் பங்கு இருந்ததா என்பதிலேயே சந்தேகம் இருந்தது, அதோடு அவர் கேஸிலும் ஜூரி ஆயுள் என்று சொல்லி, நீதிபதி மாற்றி எழுதியிருந்தார். அங்கே ஓட்டு 9க்கு 3.